இடது புருவத்தில் இரண்டு கட்டம்

சல்லடை என்று அந்த மென்பொருளுக்குப் பெயர் வைத்தவர் மேஸ்திரி. எழுதியவன் அவருடைய மைத்துனன். அவன் வைத்த பெயர் வேறு, நாக்கில் நிற்காத பெயர். ஒரு புகைப்படத்தை உள்ளே போட்டால் அதைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, சதுரத்துக்கு ஒரே ஒரு நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தையெல்லாம் கொட்டிவிடுகிறது, இதைச் சல்லடை என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அன்றிலிருந்து அந்த வீட்டில் அது சல்லடை.

பழைய வீடியோ விளையாட்டுகளில் மனிதர்கள் கட்டம் கட்டமாக ஓடுவார்களே, அந்த மாதிரிப் படம். பிக்சல் ஓவியம் என்பார்கள். மைத்துனன் அதை விளையாட்டுக்காகத்தான் எழுதினான். அவனுடைய அக்கா, மேஸ்திரியின் மனைவிதான் அதைச் சுவருக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். கணவர் டைல்ஸ் போடுகிற மேஸ்திரி. வீட்டின் பின்கட்டில் விரற்கடை அகலச் சதுரச் சில்லுகள் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. ஒரு சில்லு ஒரு பிக்சல் என்று வைத்துக்கொண்டால் எந்தப் படத்தையும் சுவரில் ஏற்றிவிடலாமே என்று ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது அவளுக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு அவள் எதைப் பார்த்தாலும் கட்டம்தான். கணவரோடு வேலை பார்ப்பவர்கள் அவளுக்குக் கட்டக்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளுக்கும் அதில் ஒன்றும் வருத்தம் இல்லை.

கம்ப்யூட்டரில் பொத்தானை அழுத்தினால் எல்லாம் தானாக வந்துவிடும் என்று சொல்கிறவர்களை அவளிடம் ஒரு வாரம் வேலைக்கு அனுப்ப வேண்டும். சல்லடைக்குக் கண் உண்டு, புத்தி கிடையாது. மூக்கும் நிழலும் அதற்கு ஒன்றுதான். அவர்களிடம் இருந்தது இருபத்தெட்டு நிறச் சில்லு. குளியலறைக்கும் நீச்சல் குளத்துக்கும் என்று செய்த சில்லுகள், ஆகவே பாதிக்கு மேல் நீலமும் பச்சையும். மனிதத் தோலை நினைத்து யாரும் சில்லு செய்வதில்லை. அதனால் சல்லடை கன்னத்தில் நிழல் விழுந்த இடத்தில் கூசாமல் பாசிப்பச்சையை வைத்துவிடும். முதல் தடவை சோதனைக்கு மேஸ்திரியின் படத்தைப் போட்டபோது தாடையெல்லாம் பச்சை, மீசை மட்டும் நிஜத்தைவிட இரண்டு பங்கு. பச்சையை மாற்று, மீசையை அப்படியே விடு என்றார் அவர். பிறகு ஒவ்வொரு கட்டமாக உட்கார்ந்து திருத்துவது கட்டக்காரியின் வேலை. திருத்திய படத்தைச் சார்ட்டாக அச்செடுத்தால் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நிறத்தின் எண் இருக்கும். அதைப் பார்த்துச் சில்லை அடுக்குவது மேஸ்திரியின் வேலை.

அடுக்குகிற முறையையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வினையே அங்கேதான் வந்தது. சில்லுகளைச் சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டமாட்டார்கள். பசை தடவிய கெட்டித் தாளில், நிறமுள்ள முகம் கீழே பார்க்க, குப்புற அடுக்குவார்கள். காய்ந்ததும் தாளோடு தூக்கி, சில்லுகளின் முதுகைச் சுவரில் பூசிய கலவையில் அழுத்துவார்கள். பிடித்ததும் தாளை ஈரப்படுத்தி உரித்தால் படம் வெளியே வரும். அதுவரைக்கும் யாருக்கும் ஒன்றும் தெரியாது. எல்லாச் சில்லுக்கும் முதுகு ஒரே வெள்ளைதான். குப்புற அடுக்குவதால் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறும் என்பதால், மேஸ்திரி சார்ட்டை எப்போதும் வலதிலிருந்து இடதாகப் படித்து, தாளில் இடதிலிருந்து வலதாக அடுக்குவார். யோசித்துச் செய்வதில்லை. நமக்குச் செருப்பு மாட்டுகிற மாதிரி அவருக்கு அது.

நாலு வருஷம் மீனும் பூவும் டால்பினுமாகத்தான் போயிற்று. முகம் வேண்டும் என்று முதலில் கேட்டு வந்தவள் சலூன்காரரின் மகள்.

இரண்டு தெரு தள்ளி அவளுடைய அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் சலூன் நடத்தினார். மூன்று நாற்காலி, நீளச் சுவர் முழுக்க ஒரே கண்ணாடி, வாசலோரம் ஒரு பெஞ்சு. மகளும் அவரிடமே தொழில் கற்று அடுத்த நாற்காலியில் நின்றாள். நாலு மாதம் முன்பு ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுக்கிறேன் என்றவர் எழுந்திருக்கவில்லை. கடையைப் பூட்டினார்கள். இப்போது மகள் திறக்கப் போகிறாள்.

"நாற்காலிக்குப் பின்னாடி ஒரு வெள்ளைச் சுவர் இருக்குக்கா. அங்க அப்பா முகம் வேணும். பெருசா."

"போட்டோவையே பெருசு பண்ணி மாட்டிடலாமே," என்றார் மேஸ்திரி. சில்லில் முகம் வராது என்பது அவர் கட்சி.

"முடி பறக்குது, தண்ணி தெறிக்குது, பவுடர் படியுது. ஒரு வருஷம் தாங்காது அண்ணா. இதுன்னா துடைச்சுக்கலாம்." பிறகு சொன்னாள்: "அம்மா அன்னைலருந்து கடைக்குள்ள காலை வைக்கல. வாசல் வரைக்கும் வருவாங்க, திரும்பிடுவாங்க. அவர் நிக்காத கடையில எனக்கு என்ன வேலைங்கறாங்க. இதைப் பார்க்கவாவது வரேன்னு சொல்லியிருக்காங்க. ஆனா அம்மாவுக்குப் பிடிக்கணும். இவர் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாங்கன்னா அதோட போச்சு. அப்புறம் நான் கூப்பிடவே முடியாது."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கட்டக்காரி அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். முயற்சி பண்ணுகிறோம் என்று சொல்லியிருக்கலாம். அவள் சொன்னது வேறு.

"உங்க அம்மா பார்த்ததும் இவர்தான்னு சொல்லணும். சொல்லலைன்னா என் கையாலயே உடைச்சு எடுத்துட்டு, சுவரை முன்னாடி இருந்த மாதிரி வெள்ளையாக்கிக் கொடுத்துடறேன். போதுமா?"

மகள் தலையாட்டிவிட்டுப் போனாள். மேஸ்திரி மனைவியைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை.

படம் நல்ல படம். நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிற முகம், வகிடு எடுத்து வாரிய தலை, கொஞ்சம் சிரிப்பு. அகலத்தில் அறுபது கட்டம், உயரத்தில் எண்பது. சல்லடை வழக்கம்போல ஒரு காதைத் தின்றுவிட்டது, உதட்டைச் செங்கல் நிறத்தில் ஒரு கோடாக இழுத்துவிட்டது. கட்டக்காரி மூன்று நாள் காதையும் உதட்டையும் மீட்டாள். நாலாம் நாள் தம்பியிடமிருந்து சல்லடையின் புதுப் பதிப்பு வந்தது. கூடவே ஒரு செய்தி: 'அக்கா, நீங்க குப்புற அடுக்குறதுக்காகத் திருப்பற வசதி வச்சிருக்கேன். டிக் பண்ணினா படமும் சார்ட்டும் ரெண்டுமே திரும்பியே வரும். மாமா இனிமே தலைகீழாப் படிக்க வேண்டாம்.'

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஆனால் பையன் நல்லெண்ணத்தில் செய்தது, அவனைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. கட்டக்காரி டிக் செய்தாள். திரையில் முகம் ஒரு கணம் புரண்டு மறு பக்கம் பார்த்தது. மேஸ்திரியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அவர் அப்போது வேறு ஒரு வீட்டுச் சமையலறையில் இருந்தார். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். சாயங்காலம் வந்தது. சொல்ல வேண்டியது வரவில்லை.

அன்றைக்கு அவள் புத்தி முழுக்கப் புருவத்தில் இருந்தது. சலூன்காரரின் ஒரு புருவத்தில் ஒரு வெட்டு, முடி முளைக்காத சின்ன இடைவெளி. சல்லடை அதைத் தூசி என்று நினைத்து நிரவிவிட்டது. அவள் திரையில் திரும்பி நின்ற பெரிய படத்தைப் பார்த்துப் பார்த்து, இரண்டு கட்டத்தைக் கறுப்பிலிருந்து தோல் நிறத்துக்கு மாற்றினாள். இரண்டே கட்டம். மாற்றியதும் முகத்துக்கு உயிர் வந்துவிட்டது. அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தாள். அதற்கப்புறம் எட்டு நாள் அந்தத் திரும்பிய முகத்தோடுதான் உட்கார்ந்திருந்தாள். மூலப்படத்தைத் திறக்கவே இல்லை. இந்த முகமே அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

சார்ட் மேஸ்திரியின் கைக்குப் போனது. அவர் எப்போதும் போல வலதிலிருந்து படித்தார், இடதிலிருந்து அடுக்கினார். நாலாயிரத்து எண்ணூறு சில்லு. முதுகு எல்லாம் வெள்ளை.

சலூன் சுவரில் ஏற்றிய மூன்றாம் நாள் காலையில் தாளை உரித்தார்கள். ஈரத் தாள் பட்டை பட்டையாகக் கையோடு வர, நெற்றி தெரிந்தது, பிறகு கண், பிறகு அந்தச் சிரிப்பு. கிட்டத்தில் வெறும் சில்லு. பத்தடி பின்னால் போனால் மனிதர். மேஸ்திரியே இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"முகம் வராதுன்னு சொன்னேன்ல. வாபஸ் வாங்கிக்கறேன்," என்றார்.

மகள் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள், தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "அப்பாதான். ஆனா ஏதோ ஒண்ணு இருக்குக்கா. என்னனு சொல்லத் தெரியல."

"கிட்டத்துல நின்னு பார்த்தா அப்படித்தான். தள்ளி நில்லு, சரியாயிடும்," என்றாள் கட்டக்காரி.

அவளுக்கு அந்த முகம் திரையில் பார்த்தபடியே அச்சு அசலாக இருந்தது. வேறு என்ன இருக்கப்போகிறது? நமக்கு எல்லாம் தெரியும் என்கிற நினைப்பு வந்துவிட்டால் அடுத்தவர் சொல்வது காதில் ஏறாது. அவளைக் கேட்டால் இன்றைக்கும் அந்த இடத்தைத்தான் சொல்வாள், அப்போதே மகளை உட்காரவைத்து என்ன ஏது என்று கேட்டிருக்க வேண்டும் என்று.

கடை திறப்பைக் காலை ஒன்பது மணிக்கு வைத்திருந்தார்கள். கட்டக்காரியும் மேஸ்திரியும் எட்டரைக்கே போய், சில்லுகளுக்கு இடையில் ஒட்டியிருந்த வெள்ளைப் பூச்சை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியின் உளி, சுத்தியல் பை வாசலில் இருந்தது. பெஞ்சைத் தூசிக்குப் பயந்து பின்னறையில் போட்டிருந்தார்கள், இன்னும் எடுத்து வரவில்லை. முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், சலூன்காரரிடம் முதல் நாளிலிருந்து முடி வெட்டிக்கொண்டவர். உள்ளே வந்து செருப்பைக் கழற்றப் போனவர் அப்படியே நின்றார்.

"அடடே. அப்படியே இருக்காரே," என்றார். "எப்படிம்மா பண்ணினீங்க? நான் எத்தனை தடவை பார்த்த முகம். இப்ப வாயைத் திறந்து 'என்ன, ஓரம் மட்டும்தானே'ன்னு கேட்பார் போல இருக்கு."

கட்டக்காரிக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்பது மணிக்கு என்ன நடக்கும் என்று நெஞ்சுக்குள் உருண்டுகொண்டிருந்தது பாதி கரைந்துவிட்டது.

ஒன்பதுக்கு மகள் அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். ஒடிசலான அம்மா. முழங்கால் வலி, ஒவ்வொரு படியாக நின்று ஏறினார். வாசலில் ஒரு கணம் தயங்கினார். பிறகு காலை உள்ளே வைத்தார். கண்ணாடிப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, நேரே சுவருக்கு முன்னால் போய் நின்றார்.

அந்த அம்மா நெற்றியைப் பார்த்தார், வாயைப் பார்த்தார். பிறகு புருவத்தில் அவர் பார்வை நின்றது. நின்ற இடத்திலேயே நின்றது.

"இவர் இல்ல," என்றார்.

மகள் கையை விட்டுவிட்டாள். "அம்மா, நல்லாப் பாரும்மா. தள்ளி நின்னு பாரு."

"எவ்வளவு தள்ளி நிக்கணும்? எல்லாம் இருக்கு, நான் இல்லைன்னு சொல்லல. கண்ணு இருக்கு, சிரிப்பு இருக்கு. ஆனா ஆள் அவர் இல்ல. அவர் மாதிரி இருக்கிற யாரோ."

டிரைவருக்குப் பொறுக்கவில்லை. "என்னம்மா இப்படிச் சொல்றீங்க. முப்பது வருஷமா மாசம் தவறாம பார்த்திருக்கேன். இது அவரேதான். துளிகூட மாத்தம் இல்ல."

"நீங்க மாசத்துக்கு ஒருதரம் பார்த்தீங்க. நான் தினம் பார்த்தேன்." அந்த அம்மா கோபப்படாமல்தான் சொன்னார். "அந்தப் புருவத்துல இருக்கிற வெட்டு எப்படி வந்ததுன்னு தெரியுமா உங்களுக்கு? கல்யாணமான புதுசு. ஜன்னல் கதவை நான்தான் வேகமாத் திறந்தேன். வெளியில இவர் குனிஞ்சு எதையோ எடுத்துட்டு நிமிர்ந்தார். மூணு தையல். எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாம இருக்குமா? இடது பக்கம். இதுல வலது பக்கம் போட்டிருக்கு. வகிடும் அந்தப் பக்கம் போயிருக்கு."

கட்டக்காரி துடைக்கிற துணியைக் கீழே வைத்தாள். கைபேசியை எடுத்து மூலப்படத்தைத் திறந்தாள். பதினைந்து நாளுக்குப் பிறகு இப்போதுதான் திறக்கிறாள். சுவரைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். முழுக்கத் திரும்பியிருந்தது.

"என்னங்க," என்றாள் கணவரிடம், மெதுவாக. "சார்ட்டை எந்தப் பக்கத்துலருந்து படிச்சீங்க?"

"எப்பவும் போலத்தான். வலதுலருந்து. ஏன்?"

"சார்ட்டே திரும்பித்தான் வந்துச்சு. தம்பி புதுசா வச்சிருந்தான். நான் டிக் பண்ணிட்டேன். உங்ககிட்ட சொல்லல."

மேஸ்திரி கணக்குப் போட்டுப் பார்த்தார். வாய் அசைந்தது. "நீ ஒருதரம் திருப்பியிருக்க. நான் ஒருதரம் திருப்பியிருக்கேன்," என்றார். "ரெண்டு பேருமா சேர்ந்து மனுஷனைத் தப்பாத் திருப்பி வச்சிருக்கோம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. டிரைவர் அவள் பக்கம் பேசுகிறார், மகள் எதையாவது நம்பத் தயாராக நிற்கிறாள், சில்லில் இப்படித்தான் தெரியும் என்று ஒரு பொய் சொன்னால் போதும். கட்டக்காரிக்கு அந்த நினைப்பும் வராமல் இல்லை. வந்தது, போயிற்று. அந்த அம்மாவிடம் திரும்பி எல்லாவற்றையும் சொன்னாள், குப்புற அடுக்குவதில் தொடங்கி, தம்பியின் செய்தி, சாயங்காலம் சொல்ல மறந்தது வரைக்கும்.

"நீங்க சொன்னதுதான் சரிம்மா. இடம் வலம் மாறிடுச்சு. தப்பு என்மேலதான்."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் சரியாத் தெரியுது?" என்று கேட்டார் டிரைவர். மனிதருக்கு ரோஷம். "எனக்கு என்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

கட்டக்காரி அவரைப் பார்த்தாள். "நீங்க அவரை எங்க உட்கார்ந்து பார்ப்பீங்க?"

"இங்கதான்." நடு நாற்காலியைக் காட்டினார். "இதுல உட்காருவேன், அவர் பின்னாடி நின்னு வெட்டுவார். எதிர்ல கண்ணாடி. அதுல பார்த்துத்தான் முப்பது வருஷமாப் பேசிட்டிருந்தோம்." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். கண்ணாடியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "ஓ," என்றார்.

கடைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் அவர் கண்ணாடியில் பார்த்த மனிதர். கண்ணாடியில் இடம் வலம் மாறித்தான் தெரியும். அந்த முகத்தைத்தான் இவர்கள் இரண்டு பேரும் தெரியாத்தனமாகச் சுவரில் ஏற்றியிருந்தார்கள். மகள் இரண்டு விதமாகவும் பார்த்தவள், அதனால்தான் அவளுக்கு ஏதோ ஒன்று இருந்தது, என்னவென்று தெரியவில்லை.

அந்த அம்மாவுக்கும் புரிந்தது. புரிந்ததால் வலி இன்னும் கூடத்தான் செய்தது.

"அப்ப வர்றவங்க எல்லாருக்கும் சரியா இருக்கு. எனக்கு மட்டும்தான் இல்ல," என்றார். "பரவாயில்ல. கடை அவங்களுக்குத்தானே. இருக்கட்டும். நான் வீட்டுக்குப் போறேன்."

"வேண்டாம்மா," என்றாள் கட்டக்காரி. "உங்களுக்காகத்தான் பண்ணினது. நீங்க இவர்தான்னு சொல்லலைன்னா உடைச்சுடறேன்னு உங்க பொண்ணுகிட்ட வாக்கு கொடுத்திருக்கேன். இன்னைக்கே எடுத்துடறேன்."

"அக்கா, வேண்டாம், விடுங்க," என்றாள் மகள். யாருக்காகச் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு பக்கம் அப்பா சுவரில் சிரித்துக்கொண்டிருக்கிறார், இன்னொரு பக்கம் அம்மா வாசலைப் பார்த்துத் திரும்புகிறார்.

கட்டக்காரி வாசலுக்குப் போய்ப் பையிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்து வந்தாள். மேஸ்திரி கையை நீட்டினார், கொடு, நான் செய்கிறேன் என்று. அவள் கொடுக்கவில்லை. கீழ் ஓரத்தில், கழுத்துக்குக் கீழே பின்னணி முடிகிற இடத்தில் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். ஒரு சாம்பல் சில்லு பெயர்ந்து தரையில் விழுந்து உருண்டது. நாலாயிரத்து எண்ணூறில் ஒன்று. உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த சில்லில் உளியை வைத்தாள்.

அந்தச் சத்தத்துக்கு அந்த அம்மா தடுமாறிவிட்டார். ஏற்கெனவே படி ஏறிய கால், இவ்வளவு நேரம் நின்ற கால். மகள் ஓடிவந்து தாங்கினாள். உட்காரவைக்கலாம் என்று பார்த்தால் பெஞ்சு பின்னறையில். பக்கத்தில் இருந்தது நடு நாற்காலிதான். அதில் உட்காரவைத்தாள். கால் வைக்கிற பலகையில் அம்மாவின் காலைத் தூக்கி வைத்தாள். பிறகு பழக்க தோஷத்தில், யார் உட்கார்ந்தாலும் செய்கிற மாதிரி, நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டாள்.

"தண்ணி கொண்டு வரேன். அப்படியே இரும்மா."

அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பின்னால் உளிச் சத்தம் இன்னொரு தரம் கேட்டது. கண்ணைத் திறந்தார்.

"கொஞ்சம் நில்லும்மா," என்றார்.

கட்டக்காரி நிறுத்தினாள்.

"எல்லாரும் கொஞ்சம் நகருங்க. மறைக்குது."

டிரைவர் ஒரு பக்கம் ஒதுங்கினார், மேஸ்திரி ஒரு பக்கம். கட்டக்காரி சுவரோரம் குந்தியிருந்தவள் அப்படியே நகர்ந்துகொண்டாள். அங்கிருந்து அவளுக்குக் கண்ணாடி முழுசாகத் தெரிந்தது. முன்னால் நாற்காலியில் அந்த அம்மாவின் முகம். அதற்குப் பின்னால், தோளுக்கு மேலே, சலூன்காரர். வகிடு அதன் இடத்தில் இருந்தது. திரும்பியிருந்ததைக் கண்ணாடி மறுபடி திருப்பிவிட்டிருந்தது.

அந்த அம்மா கையைத் தூக்கிக் கண்ணாடியில் புருவத்தைக் காட்டினார். "இடது," என்றார். "இந்தப் பக்கம்தான்."

தண்ணீரோடு வந்த மகள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அந்த அம்மாவுக்குக் கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார். பார்க்கிற விதத்திலேயே தெரிந்தது, நாலு மாதத்துக்கும் சேர்த்துப் பார்க்கிறார் என்று.

"இவர்தான்," என்றார் கடைசியில். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

கட்டக்காரி கையில் இருந்த உளியைத் தரையில் வைத்தாள். சுத்தியலையும் வைத்தாள்.

"இத்தனை வருஷத்துல இந்த நாற்காலில நான் உட்கார்ந்ததே இல்ல," என்றார் அந்த அம்மா. "வாசல்ல நின்னு சாப்பாட்டைக் கொடுப்பேன், போயிடுவேன். ஒருதரம் கூட உட்காருன்னு சொன்னதில்ல இந்த மனுஷன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு கொண்டையை அவிழ்த்தார். நரைத்த முடி நாற்காலியின் முதுகுக்குப் பின்னால் விழுந்தது. "நுனியெல்லாம் வெடிச்சுப் போயிருக்கு. கொஞ்சமா வெட்டிவிடு."

"இப்பவாம்மா?"

"கடை திறந்தாச்சுல்ல. அப்புறம் என்ன."

டிரைவர் முதல் ஆளாக வந்தவர், முறைப்படி அவர்தான் உட்கார வேண்டும். அவரோ பின்னறைக்குப் போய், மேஸ்திரியோடு சேர்ந்து பெஞ்சைத் தூக்கி வந்து போட்டு, அதில் உட்கார்ந்துகொண்டார்.

மகள் அம்மாவின் கழுத்தில் துணியைக் கட்டினாள். அப்பாவின் கத்தரிக்கோலை எடுத்தாள். சீப்பால் முடியை வாரி நுனியைப் பிடித்தாள்.

"கோணாம வெட்டு," என்றார் அந்த அம்மா, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். "பின்னாடி நின்னு பார்த்துட்டிருக்கார்."

கட்டக்காரி தரையில் தேடினாள். பெயர்ந்த சாம்பல் சில்லு மூன்றாவது நாற்காலிக்கு அடியில் கிடந்தது. அதைத் துடைத்து, முதுகில் பசை தடவி, இருந்த இடத்திலேயே வைத்து, காய்கிற வரைக்கும் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.